சுருட்டை முடியை வீட்டிலேயே பராமரிப்பது: கழுவுவது முதல் மறுநாள் காலை வரை

சுருட்டை முடியைக் கவனிக்கலாம் என்று முடிவெடுத்தவுடன் பலரும் செய்கிற முதல் வேலை, புட்டிகள் வாங்குவது. ஒரு ஷாம்பூ, இரண்டு கிரீம், மூன்று எண்ணெய், ஒரு ஜெல். எல்லாவற்றையும் ஒரே நாளில் போட்டுப் பார்த்துவிட்டு, "என் முடிக்கு எதுவும் ஒத்துவரவில்லை" என்று அலமாரியில் அடுக்கிவிடுவார்கள். அந்தப் புட்டிகளில் குறை இருப்பது அபூர்வம். முடி எவ்வளவு ஈரமாக இருக்கும்போது எதைப் போட்டார்கள், போட்ட பிறகு எத்தனை தடவை கையை வைத்தார்கள் என்பதில்தான் கோளாறு இருக்கும். அதனால் இங்கே பொருள்களைவிட வரிசைக்குத்தான் இடம் அதிகம்.

1. முதலில் உங்கள் முடியைப் பாருங்கள்

வாங்குவதற்கு முன் மூன்று விஷயங்களைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதலாவது, வளைவு. எதுவும் போடாமல் கழுவி, சீவாமல் காயவிட்டுப் பாருங்கள். அலை அலையாக நெளிந்தால் அதை 2 என்பார்கள். வளையம் வளையமாகச் சுருண்டால் 3. பேனா ரீஃபில் சுற்றளவில் இறுகிச் சுருண்டாலோ, இசட் வடிவில் மடிந்து மடிந்து போனாலோ 4. இவற்றுக்குள் ஏ, பி, சி என்று உட்பிரிவும் உண்டு. ஒரே தலையில் இரண்டு மூன்று வகை இருப்பது சகஜம். உச்சியில் நெளி, பிடரியில் இறுக்கமான சுருள் என்று இருந்தால் அதில் கவலைப்பட ஒன்றுமில்லை. தன் முடி 3பியா 3சியா என்று மணிக்கணக்கில் ஆராய்வது வீண் வேலை.

இரண்டாவது, ஒற்றை முடியின் தடிமன். ஓர் இழையை விரல்களுக்கிடையே உருட்டிப் பாருங்கள். இருப்பதே தெரியவில்லை என்றால் மெல்லிய முடி. நூல்போல் தட்டுப்பட்டால் தடித்த முடி. வளைவைவிட இதுதான் முக்கியம் என்பது என் கட்சி. மெல்லிய முடியில் கனமான கிரீம் போட்டால் சுருள் எடை தாங்காமல் தொங்கிவிடும். தடித்த முடிக்கு அதே கிரீம் போதாமலும் போகலாம்.

மூன்றாவது, தண்ணீரை எப்படி வாங்குகிறது. முடியை ஒரு கிண்ணத் தண்ணீரில் போட்டு, மிதந்தால் இப்படி, மூழ்கினால் அப்படி என்று ஒரு சோதனை சொல்வார்கள். அதை நம்ப வேண்டாம். இழையில் கொஞ்சம் எண்ணெய் இருந்தாலே மிதக்கும். அதற்குப் பதிலாகக் குளிக்கும்போது கவனியுங்கள். தண்ணீர் முத்து முத்தாக மேலேயே ஓடி, நனையவே நேரம் பிடித்து, காயவும் அரை நாள் எடுத்தால், அது ஈரத்தை எளிதில் உள்ளே விடாத முடி. சட்டென்று நனைந்து சட்டென்று காய்ந்துவிட்டால், மேல் செதில்கள் திறந்து கிடக்கும் முடி. சாயம், பிளீச், அடிக்கடி (முடியை நேராக்கும்) அயர்ன் பட்ட முடி பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான்.

2. கையில் இருக்க வேண்டியவை

மென்மையான ஷாம்பூ ஒன்று, ஆழமாகச் சுத்தம் செய்யும் கிளாரிஃபையிங் ஷாம்பூ ஒன்று, வழுக்கலான கண்டிஷனர் ஒன்று, ஜெல் ஒன்று. பெரிய பல் சீப்பு, நாலைந்து கிளிப், ஸ்ப்ரே பாட்டில், பழைய பருத்தி டி-ஷர்ட், சாட்டின் தலையணை உறை. தொடக்கத்துக்கு இவ்வளவு போதும்.

லீவ்-இன் (அலசாமல் முடியிலேயே விட்டுவிடும் கண்டிஷனர்), கிரீம், மூஸ் (நுரை வடிவப் பொருள்), சீரம் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒரே நேரத்தில் நான்கு புதுப் பொருள்களை மாற்றினால், எது உதவியது, எது கெடுத்தது என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. ஒன்றை மாற்றினால் நாலைந்து கழுவலுக்காவது மற்றவற்றைத் தொடாமல் விடுங்கள்.

லேபிளில் ஒன்றைப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். டைமெத்திகோன், அமோடைமெத்திகோன் என்று 'கோன்' என முடிபவை பெரும்பாலும் சிலிக்கோன்கள். முடிக்கு மேல் படலமாக நின்று பளபளப்பு தரும். அவை விஷம் ஒன்றும் இல்லை. ஆனால் தண்ணீரில் கரையாத சிலிக்கோனைப் போட்டுவிட்டு, மிக மென்மையான ஷாம்பூவால் மட்டுமே கழுவிவந்தால் படலம் சேர்ந்துகொண்டே போகும். சிலிக்கோன் வேண்டுமென்றால் அவ்வப்போது வலுவான ஷாம்பூவும் வேண்டும். அந்த ஷாம்பூ வேண்டாமென்றால் சிலிக்கோனையும் விட்டுவிடுங்கள். ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றை மட்டும் விலக்கினால்தான் சிக்கல்.

3. பழைய பிசுக்கை எடுத்துவிட்டுத் தொடங்குங்கள்

முதல் நாள் கிளாரிஃபையிங் ஷாம்பூவால் கழுவுங்கள். பல மாதங்களாகச் சேர்ந்த எண்ணெய், சீரம், ஜெல் படலத்தின் மேல் புதிய கண்டிஷனரைப் போட்டால் அது உள்ளே போகாமல் வழுக்கிக்கொண்டு நிற்கும். "எவ்வளவு கண்டிஷனர் போட்டாலும் வறட்சி போகவில்லை" என்பவர்களில் பலருக்கு வறட்சியே இருப்பதில்லை. படலம்தான் காரணம்.

போர்த் தண்ணீர்போல் உப்புத்தண்ணீரில் கழுவுகிறவர்களுக்கு இன்னொரு கூடுதல் தொல்லை. கால்சியமும் மக்னீசியமும் முடியில் படிந்து சொரசொரப்பாக்கும். இதற்கு, இந்த உப்புகளைப் பிடித்து அகற்றும் ஈடிடிஏ என்ற பொருள் சேர்ந்த, லேபிளில் கீலேட்டிங் என்று குறிப்பிட்ட ஷாம்பூ உதவும். அதன் பிறகு மாதம் ஓரிரு முறை இந்த ஆழ்ந்த கழுவல் இருந்தால் போதும்.

சமையல் சோடாவைக் கரைத்து அலசச் சொல்வார்கள். கேட்காதீர்கள். முடியும் தலைத்தோலும் லேசான அமிலத்தன்மை உடையவை. சோடா கரைசல் காரம். செதில்கள் விரிந்து, முடி கரடுமுரடாகிவிடும்.

4. வழக்கமான கழுவல்

எத்தனை நாளுக்கு ஒரு முறை? நெளி முடிக்கு இரண்டு மூன்று நாள், சுருளுக்கு நாலைந்து நாள், இறுக்கமான சுருளுக்கு வாரம் ஒன்று என்பது பொதுக்கணக்கு. தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய் நேரான முடியில் சரசரவென்று நுனிவரை இறங்கிவிடும். வளைவுகள் கூடக் கூட அந்தப் பயணம் பாதியில் நின்றுவிடுகிறது. வேர்ப்பக்கம் பிசுபிசுப்பும் நுனியில் வறட்சியுமாக இருப்பது அதனால்தான். ஆனால் வியர்வை அதிகமுள்ளவர்கள், பொடுகு உள்ளவர்கள் இந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டு தொங்கக் கூடாது. தலை அரித்தால் கழுவ வேண்டியதுதான்.

ஷாம்பூவைத் தலைத்தோலில் மட்டும் தேயுங்கள். விரல் நுனிகளால், நகம் படாமல். முடியை உச்சியில் குவித்துவைத்துக் கசக்காதீர்கள். வழிந்து இறங்கும் நுரையே நுனியைச் சுத்தம் செய்ய ஏராளம். அடர்த்தியான முடி என்றால் நாலு பாகமாகப் பிரித்துக் கிளிப் போட்டு, ஒவ்வொரு பாகமாகக் கழுவுவது நல்லது. இல்லாவிட்டால் பிடரிப் பக்கம் ஷாம்பூ போய்ச் சேரவே சேராது.

ஷாம்பூவையே விட்டுவிட்டு கண்டிஷனரால் மட்டும் கழுவும் முறை ஒன்று உண்டு. மிக வறண்ட முடிக்கு இடையிடையே அது சரிப்படும். அதையே நிரந்தரமாக்கினால் தலைத்தோலில் அழுக்கு சேர்ந்து, பொடுகு உள்ளவர்களுக்கு அது அதிகமாகிவிடும்.

எண்ணெய் வைக்கும் வழக்கம் இருந்தால் கழுவுவதற்கு முன் வையுங்கள். தேங்காய் எண்ணெய் முடித்தண்டுக்குள் ஊடுருவக்கூடியது. கழுவும்போது முடி அளவுக்கு மீறி ஊறிப் புரதம் இழப்பதை அது குறைக்கும். ஆனால் எண்ணெய் ஈரம் தராது. காய்ந்த முடியில் எண்ணெயைப் பூசிவிட்டு ஈரப்பதம் கிடைத்துவிட்டதாக நினைப்பது, புதிதாகத் தொடங்குகிறவர்களிடம் ஓயாமல் பார்க்கிற தவறு.

5. சிக்கெடுப்பது

சுருட்டை முடியை உலர்ந்த நிலையில் சீவாதீர்கள். சுருள் சுருளாகச் சேர்ந்திருக்கும் இழைகள் பிரிந்து பறட்டையாகும், முடியும் அறுபடும். ஈரமான முடியும் பலவீனமானதுதான். உலர்ந்ததைவிட அதிகமாக இழுபடும், எல்லை தாண்டினால் அறும். ஆகவே ஈரம் மட்டும் போதாது, வழுக்கலும் வேண்டும். கண்டிஷனர் தலையில் இருக்கும்போதே சிக்கெடுங்கள்.

முடியை நாலு பாகமாக்கி, ஒரு பாகத்தை மட்டும் அவிழ்த்துவிட்டு மற்றதை ஏற்றிக் கிளிப் போடுங்கள். காதுக்குக் கீழே தாராளமாகக் கண்டிஷனர். முதலில் விரல்களால் நுனியிலிருந்து கோதுங்கள். நுனி கலைந்த பிறகு நாலு விரற்கடை மேலே, அப்புறம் அதற்கும் மேலே. வேரிலிருந்து ஒரே இழுப்பில் சீப்பை இறக்கினால், மேலே இருக்கும் பத்துச் சின்னச் சிக்குகளும் கீழே வந்து ஒரே முடிச்சாகக் கட்டிக்கொள்ளும்.

பிடரியில் பந்துபோல் ஒரு சிக்கு கட்டாயம் அகப்படும். அதற்கு மேலே, தலைப்பக்கமாக, கற்றையை ஒரு கையால் இறுக்கிப் பிடியுங்கள். இழுப்பு வேருக்குப் போகாது. சிக்கின் மேல் இன்னும் கொஞ்சம் கண்டிஷனரும் தண்ணீரும் விட்டு, இரண்டு பக்கமும் விரல்களால் பஞ்சைப் பிய்ப்பதுபோல் மெல்ல விரியுங்கள். உள்ளே ஏற்கெனவே உதிர்ந்த முடி சுற்றிக்கொண்டிருக்கும். அதன் ஒரு முனையைக் கண்டுபிடித்து உருவினால் பாதிச் சிக்கு தானாக நெகிழும். சீப்பு அதற்குப் பிறகுதான். நுனியில் ஒற்றை இழை தானே முடிச்சிட்டுக்கொண்டிருந்தால் அவிழ்க்க முயலாமல், முடிச்சுக்குச் சற்று மேலே கத்தரித்துவிடுங்கள்.

கையில் வரும் முடியைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. நேரான முடியில் அது அன்றன்றே தரையில் விழுந்துவிடும். சுருளில் மாட்டிக்கொண்டு கழுவும் நாள்வரை காத்திருக்கும். வாரம் ஒரு முறை கழுவினால் ஒரு வாரக் கணக்கு மொத்தமாக வரத்தான் செய்யும். ஓர் இழையை எடுத்துப் பாருங்கள். ஒரு முனையில் வெள்ளைப் புள்ளிபோல் இருந்தால் அது தானாக உதிர்ந்தது. புள்ளி இல்லாத துண்டுத் துண்டு முடி அதிகம் இருந்தால் அது அறுந்தது. உங்கள் சீவும் முறையைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

6. ஈரம் சொட்டும்போதே ஜெல்

இந்தப் படியை மட்டும் சரியாகச் செய்தாலும் பாதி வேலை முடிந்துவிடும்.

முடிக்குள் இருக்கும் பிணைப்புகளில் இரண்டு வகையை மட்டும் இங்கே தெரிந்துகொண்டால் போதும். கந்தக அணுக்களாலான டைசல்ஃபைடு பிணைப்பு வலுவானது. தண்ணீருக்கு அசையாது. இயல்பான வளைவைத் தாங்குவதில் அதற்குப் பங்கு உண்டு. ஹைட்ரஜன் பிணைப்புகள் அப்படியில்லை. நனைந்தால் விடுபடும், காய்ந்தால் மறுபடி சேரும். காயும்போது முடி எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையிலேயே பூட்டிக்கொள்ளும். ஆகவே இழைகள் ஒன்றுசேர்ந்து சுருளாக இருக்கும்போது பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த நேரம், குளியலறையை விட்டு வெளியே வருவதற்கு முன். துண்டால் துவட்டி, புடவையோ சட்டையோ உடுத்தி, கண்ணாடி முன் வந்து ஜெல்லைத் திறக்கும்போது மேலிருக்கும் மெல்லிய இழைகள் அவரவர் திசையில் காயத் தொடங்கியிருக்கும்.

கண்டிஷனரை அலசும்போது நெளி முடிக்காரர்கள் முழுவதும் அலசிவிடலாம். வறண்ட, இறுக்கமான சுருள் உள்ளவர்கள் லேசான வழுவழுப்பை விட்டுவைக்கலாம். லீவ்-இன் வைத்திருந்தால் அது முதலில், கிரீம் இருந்தால் அடுத்து, ஜெல் கடைசியில். ஈரம் தருவது உள்ளே, பிடித்து நிறுத்துவது வெளியே என்பதுதான் காரணம். ஜெல்லுக்கு மேல் கிரீம் போட்டால் ஜெல்லின் பிடி தளர்ந்துவிடும்.

தலையைக் கவிழ்த்து, உள்ளங்கைகள் இரண்டிலும் ஜெல்லைப் பரப்பி, ஒரு கற்றையைக் கைகளுக்கிடையே வைத்து மேலிருந்து கீழே நழுவவிடுங்கள். தேய்க்கக் கூடாது. எல்லாக் கற்றைகளும் ஆனதும், நுனியை உள்ளங்கையில் ஏந்தித் தலைத்தோலை நோக்கி மேலே அமுக்கிப் பிழியுங்கள். சளக் சளக் என்று சத்தம் வர வேண்டும். சத்தம் வரவில்லையென்றால் தண்ணீர் போதவில்லை. இன்னும் ஜெல் எடுக்காமல், ஒரு கை தண்ணீரைத் தெளித்துக்கொண்டு மறுபடி பிழியுங்கள்.

4 வகை முடிக்கு மொத்தமாகக் கவிழ்த்துப் பிழிவது பெரும்பாலும் போதாது. சிறு சிறு பிரிவாக எடுத்து, ஒவ்வொன்றிலும் தண்ணீர் தெளித்து, ஜெல்லோ கிரீமோ தடவி, இரண்டு கற்றையாகப் பிரித்து ஒன்றோடொன்று முறுக்கிவிடுங்கள். முழுக்கக் காய்ந்த பிறகு அவிழ்த்தால் வடிவமும் கிடைக்கும், சுருங்குவதும் குறையும். இந்த வகை முடி காயும்போது தன் நீளத்தில் பாதிக்கு மேலும் உள்ளிழுத்துக்கொள்ளக்கூடியது. முடி வளரவே இல்லை என்று மனம் உடைய வேண்டாம். மாதம் சுமார் 1 சென்டிமீட்டர் வளர்ந்துகொண்டுதான் இருக்கும்.

ஜெல்லின் லேபிளில் கிளிசரின் முன்வரிசையில் இருந்தால் காற்றின் ஈரத்தைக் கவனியுங்கள். கிளிசரின் ஈரத்தை இழுக்கும் பொருள். மிகப் புழுக்கமான நாளில் காற்றிலிருந்து இழுத்து முடியை உப்பவைக்கும். காற்று மிக வறண்டிருந்தால் முடியின் ஈரத்தையே விட்டுக்கொடுக்க வைக்கும்.

7. உலர்த்துவது: கையைக் கட்டிக்கொள்ளுங்கள்

சொரசொரப்பான துண்டால் துவட்ட வேண்டாம். அதன் நூல் வளையங்கள் சுருளைப் பிரித்துவிடும். டி-ஷர்ட்டை விரித்து, கற்றைகளை ஏந்தி மெல்ல அமுக்கித் தண்ணீரை உறிஞ்ச விடுங்கள்.

அதற்குப் பிறகு தொடாதீர்கள். இது சொல்ல எளிது. "காய்ந்துவிட்டதா பார்ப்போம்" என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கை தானாக மேலே போகும். பாதி காய்ந்த சுருளைத் தொட்ட ஒவ்வொரு தடவையும் சில இழைகள் கூட்டத்திலிருந்து விலகி, விலகிய இடத்திலேயே காய்ந்துவிடும். மாலையில் தெரியும் பறட்டையில் பாதி காலையில் கை போட்டது.

டிரையர் என்றால் டிஃப்யூசர் (காற்றைப் பரப்பிவிடும் கிண்ணம் போன்ற முனை) மாட்டி, குறைந்த சூடு, குறைந்த காற்று. முதலில் தலைக்குச் சற்றுத் தள்ளிச் சுற்றிவர வீசுங்கள். மேல்பரப்பு சற்று விறைத்த பிறகு, கற்றையைக் கிண்ணத்தில் ஏந்தித் தலைப்பக்கம் கொண்டுபோய் அசையாமல் வையுங்கள். இடம் மாற்றும்போது காற்றை நிறுத்திவிட்டு மாற்றுவது நல்லது.

முழுக்கக் காய்ந்ததும் முடி மொடமொடவென்று இருக்கும். ஜெல் பிடிக்கவில்லை என்று இந்தக் கட்டத்தில்தான் பலர் தூக்கிப் போடுகிறார்கள். அந்த மொடமொடப்பு நமக்கு வேண்டியதுதான். காயும்வரை சுருளைக் கலையாமல் காத்த ஓடு அது. வேர்ப்பக்கம் விரல் வைத்துப் பாருங்கள். கொஞ்சம் குளிர்ச்சியாகத் தெரிந்தாலும் இன்னும் காயவில்லை என்று அர்த்தம். நன்றாகக் காய்ந்த பின், உள்ளங்கையில் இரண்டே துளி எண்ணெய் தேய்த்துக்கொண்டு அதே பிழியும் அசைவைச் செய்தால் ஓடு உடைந்து, மெத்தென்ற சுருள் வெளியே வரும்.

8. இரவும் மறுநாளும்

சாட்டின் உறையில் உரசல் குறைவு, அவ்வளவுதான் அதன் மகிமை. நீள முடியை நெற்றிக்கு மேலே, உச்சியில், தளர்வாக ஒரே சுற்றில் கட்டிக்கொண்டு படுங்கள். குட்டை முடிக்குச் சாட்டின் தொப்பி வசதி. ஈர முடியோடு படுக்காதீர்கள். சுருள் நசுங்குவது ஒரு பக்கம், தலைத்தோல் மணிக்கணக்கில் ஈரமாக இருப்பது பொடுகுக்கும் நல்லதில்லை.

காலையில் முடியை மறுபடி முழுக்க நனைக்க வேண்டியதில்லை. ஸ்ப்ரே பாட்டிலால் கலைந்த கற்றைகளை மட்டும் ஈரமாக்கி, விரலில் சுற்றி விட்டுவிடுங்கள். நேற்றைய ஜெல் முடியிலேயே இருக்கிறது, தண்ணீர் பட்டால் மறுபடி வேலை செய்யும். தினமும் மேலே மேலே புது ஜெல் போட்டுக்கொண்டே போனால் நாலாம் நாள் மாவுபோல் வெள்ளையாக உதிரும்.

9. சரியாக வரவில்லையா? இங்கே தேடுங்கள்

உச்சியில் மட்டும் பறட்டை: ஜெல் அங்கே சேரவில்லை, அல்லது அங்கே முதலில் காய்ந்துவிட்டது. பெரும்பாலோர் பக்கவாட்டிலேயே எல்லாவற்றையும் தீர்த்துவிட்டு, கையில் மிஞ்சியதை உச்சியில் துடைக்கிறார்கள்.

வேர்ப்பக்கம் படிந்து, நுனியில் மட்டும் சுருள்: எடை அதிகம். கிரீமை விட்டுவிட்டு ஜெல் மட்டும் போட்டுப் பாருங்கள். காயும்போது வேரடியில் சின்னக் கிளிப்புகளைக் குத்தித் தூக்கி நிறுத்தலாம்.

வெள்ளைத் துகள்: ஜெல் அதிகம், அல்லது அடியில் போட்ட லீவ்-இன்னோடு ஒத்துப்போகவில்லை. இரண்டையும் உள்ளங்கையில் கலந்து பாருங்கள். திரிதிரியாகத் திரண்டால் தலையிலும் அதுதான் நடக்கும்.

சுருள் துவண்டு, ஈரத்தில் பசைபோல் இழுபட்டுக்கொண்டே போகிறது: கண்டிஷனர் கூடிவிட்டது, புரதம் குறைவு. ஹைட்ரலைஸ்டு (சிறு துண்டுகளாக உடைத்த) புரதம் சேர்ந்த கண்டிஷனரை ஒரு முறை போட்டுப் பாருங்கள். மாறாக, வைக்கோல்போல் விறைத்து, சற்று இழுத்தாலே அறுந்தால் புரதம் அதிகமாகியிருக்கலாம். புரதமில்லாத கண்டிஷனருக்கு மாறுங்கள்.

அயர்ன் அடிக்கடி போட்டதால் சில இடங்களில் மட்டும் சுருள் திரும்பவில்லை: அந்த இடத்தில் முடியின் கெரட்டின் என்ற புரதம் சிதைந்திருக்கிறது. எந்த மாஸ்க்கும் அதைத் திருப்பித் தராது. வளரவிட்டு வெட்டுவதுதான் வழி.

10. வெப்பம், பின்னல், வெட்டு

நேராக்கியே ஆக வேண்டிய நாளில், முழுக்கக் காய்ந்த முடியில், வெப்பம் தடுக்கும் ஸ்ப்ரே போட்டு, 180 டிகிரி செல்சியஸுக்குக் கீழே, ஒரு கற்றைக்கு ஒரே இழுப்பு. ஈர முடியில் அயர்ன் வைத்தால் உள்ளிருக்கும் தண்ணீர் கொதித்து ஆவியாகி, முடித்தண்டுக்குள் குமிழ்கள் உண்டாகும். சுர்ரென்று சத்தம் கேட்டால் நிறுத்திவிடுங்கள்.

முறுக்கு, பின்னல், கொண்டை எல்லாமே நுனியைப் பாதுகாக்கும், இறுக்காதவரை. பின்னிய அன்று நெற்றியோரம் வலித்தாலோ, சின்னச் சின்னப் பருக்கள் தோன்றினாலோ, இரண்டு நாளில் பழகிவிடும் என்று விடாமல் அன்றே அவிழ்த்துவிடுங்கள். தொடர்ந்து இழுபடும் வேர்க்கால்கள் நாளடைவில் நிரந்தரமாகவே முடி முளைப்பதை நிறுத்திக்கொள்ளக்கூடும். இது நெற்றியோரத்திலும் காதோரத்திலும்தான் முதலில் தெரியும். ஒரே இடத்தில் வட்டமாக முடி கொட்டுவது, தலைத்தோல் சிவந்து எரிவது, திடீரென்று கொத்துக் கொத்தாக உதிர்வது போன்றவற்றுக்குக் கண்டிஷனரை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் தோல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

நுனி வெட்டுவதை வீட்டிலேயே செய்யலாம். முடி காய்ந்து, தன் இயல்பான சுருளில் இருக்கும்போது வெட்டுங்கள். ஈரத்தில் அளந்து ஒரு அங்குலம் வெட்டினால் காய்ந்ததும் இரண்டு மூன்று அங்குலம் மேலே ஏறி நிற்கும். ஒவ்வொரு சுருளாகத் தனியே பிடித்து, பிளவுபட்ட நுனிக்குச் சற்று மேலே, முடிக்கென்றே வைத்திருக்கும் கூர்மையான கத்தரியால் வெட்டுங்கள். காகிதம் வெட்டும் மழுங்கிய கத்தரி நுனியை நசுக்கி, சில வாரங்களிலேயே புதிதாகப் பிளக்க வைத்துவிடும்.